வெறுக்காமல் வழக்காடுவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதன்பின் எங்கள் ஊர் நூலகத்தில் கிடைத்த மேலைத் தத்துவ அறிமுகம் ஒன்றில் பிரெஞ்சுக்காரரான தெகார்த், ஸ்பினோசா, ஜெர்மானியரான லைப்னிட்ஸ் மூவரைப் பற்றிய பகுதிகளையும் படித்தேன். எனக்குத் தத்துவப் பயிற்சி கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

என் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்ப விஷயம் இருக்கிறது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில், ஊரில் இருந்த நஞ்சை முழுவதையும் என் அண்ணன் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிட்டார். கருமாதி முடிந்த பிறகுதான் எனக்கும் தங்கைக்கும் தெரியவந்தது. பாகம் கேட்டு நாங்கள் இருவரும் வழக்குப் போட்டிருக்கிறோம். வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர் வருவதில்லை, அவர் வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதில்லை. இத்தனைக்கும் அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று அப்பாவோடு வயலில் இறங்கியவர், நான்தான் டவுனில் விடுதியில் தங்கிப் படித்தேன். நிலம் போனதைவிட எனக்குப் பெரிய பாரம் இந்தக் கோபம்தான். நடுராத்திரியில் விழிப்பு வந்துவிட்டால் அவரோடு மனசுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிடுகிறேன், பிறகு தூக்கம் இல்லை. என் மனைவி ‘விட்டுத் தொலையுங்கள்’ என்கிறாள்.

எந்தச் செயலும் காரணங்களின் தொடரால்தான் நிகழ்கிறது, ‘அவன் வேறு மாதிரி நடந்திருக்கலாம்’ என்று நாம் நினைப்பது அந்தக் காரணங்கள் தெரியாததால்தான் என்பது ஸ்பினோசாவின் பார்வை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் என் அண்ணனைக் குற்றம் சொல்லவே இடமில்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டியதுதானா?

இன்னொரு கேள்வி. அறிவைக்கொண்டு உணர்ச்சிகளை ஆளலாம் என்று அந்தக் காலத்தவர்கள் நம்பினார்கள். இன்றைய உளவியலோ, முடிவை உணர்ச்சி எடுத்துவிடுகிறது, அறிவு பிறகு வந்து அதற்கு வக்காலத்து வாங்குகிறது என்கிறது. என் அனுபவமும் அதுதான். மூன்றரை நூற்றாண்டு பழைய இந்தச் சிந்தனையிலிருந்து, எப்படி வாழ்வது என்ற விஷயத்தில் இன்று நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

வழக்கை வாபஸ் வாங்க வேண்டாம். அதில் உங்கள் தங்கையின் பங்கும் இருக்கிறது, அதை உங்கள் மன நிம்மதிக்காக விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்பினோசாவை ஒதுக்கிவைத்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. அவரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஏறத்தாழ உங்கள் கேள்வியையே அவருக்குக் கடிதமாக எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள், அவருடைய பதில்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. அறிவுமுதல்வாதிகள் என்று பாடநூல்கள் சேர்த்துச் சொல்லும் இந்த மூவரும் அறிவை அரியணையில் ஏற்றி, உணர்ச்சியை அதன் காலடியில் உட்காரவைத்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தெகார்த்தின் சில பக்கங்களை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதை எதிர்த்து நீங்கள் எழுப்பும் கேள்வி இன்றைய உளவியல் கூடங்களில் பிறந்ததல்ல. 1645இல் தெகார்த்துக்கே வந்த ஒரு கடிதத்தில் அது இருக்கிறது.

எழுதியவர் எலிசபெத். போஹீமியாவின் இளவரசி என்பது பேருக்குத்தான். முப்பதாண்டுப் போரின் தொடக்கத்திலேயே அவருடைய தந்தை முடியையும் நாட்டையும் இழந்துவிட்டார், குடும்பம் ஹாலந்தின் ஹேக் நகரில் அண்டியிருந்தது. 1643 மே மாதம் தெகார்த்துக்கு முதல் கடிதம் எழுதியபோது எலிசபெத்துக்கு 24 வயது. மனம் வெறுமே சிந்திக்கும் பொருள், இடத்தை அடைக்காதது என்கிறீர்களே, அப்படியானால் அது உடம்பை எப்படி அசைக்கிறது என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத் தெகார்த் கடைசிவரை நேரான பதில் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து எலிசபெத் நோயில் விழுந்தார். விட்டுப் போகாத காய்ச்சல், வறட்டு இருமல். இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பெரும்பாலும் துக்கம்தான் காரணம் என்று தெகார்த் எழுதினார், மனதை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். இன்ப வாழ்வைப் பற்றி ரோமானியரான செனெகா எழுதியதை இருவரும் வாசித்துப் பேசலாம் என்றார். நம் கையில் இல்லாததை விட்டுவிட்டு, நம் கையில் இருக்கும் அறிவையும் உறுதியையும் சரியாகப் பயன்படுத்தினால் யாரும் நிறைவோடு வாழலாம் என்பது அவருடைய வாதம். ஆகஸ்டில் எலிசபெத்தின் பதில் வந்தது. சிந்திக்கும் ஆற்றலையே முழுதாகப் பறித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே என்று கேட்கிறார். வேறு சில நோய்கள் அந்த ஆற்றலைக் குறைக்கின்றன, நல்லறிவு காட்டிய வழியில் நடக்கவிடாமல் செய்கின்றன, எவ்வளவு நிதானமானவரையும் உணர்ச்சியின் இழுப்புக்கு விட்டுவிடுகின்றன. அறிவுதான் மருந்து என்றால், அந்த மருந்தை எடுத்துக் குடிக்கும் கையே நோயில் விழுந்தவர் என்ன செய்வார்?

எனக்கு இந்தக் கடிதத்தின்மேல் பெரும் மதிப்பு உண்டு. வாதத்தில் வெல்வதற்காக எழுதப்பட்டது அல்ல அது. தானே நோயில் இருந்துகொண்டு, தன் ஆசிரியர் சொன்ன வைத்தியத்தைத் தன் உடம்பில் சோதித்துப் பார்த்து, எங்கே அது எட்டவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறார் எலிசபெத். தெகார்த் இறங்கி வந்தார். தான் சொன்னது அறிவைத் தடையில்லாமல் பயன்படுத்தும் நிலையில் உள்ளவர்களுக்கே பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார். அத்துடன் எலிசபெத் விடவில்லை. உணர்ச்சிகள் என்றால் என்ன, அவற்றை வகுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் உணர்ச்சிகளைப் பற்றி 1649இல் தெகார்த் வெளியிட்ட நூல். அடுத்த பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் அவர் இறந்துவிட்டார்.

அந்த நூலிலும் தெகார்த் தன் நம்பிக்கையை முழுதாக விடவில்லை. கௌதாரியைக் கண்டால் பாய்வதும் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடுவதும் நாயின் இயல்பு, ஆனால் கௌதாரியைக் கண்டால் நிற்கவும் வெடிச் சத்தம் கேட்டால் ஓடிவரவும் வேட்டை நாய்களைப் பழக்குகிறோம், நாய்க்கே இது முடியும் என்றால் மனிதனுக்கு முடியாதா என்கிறார். சரியாகப் பழக்கினால் எவ்வளவு பலவீனமான மனமும் தன் உணர்ச்சிகளின்மேல் முழு ஆதிக்கம் பெறும் என்று முடிக்கிறார்.

ஸ்பினோசா இங்கேதான் தெகார்த்தை விட்டுப் பிரிகிறார். இதைக் கவனிக்காமல் இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடுகிறோம். ஸ்பினோசாவின் முதன்மை நூலான ‘எதிக்ஸ்’ (அறவியல்) வடிவகணித நூலைப்போல நிரூபணங்களாக எழுதப்பட்டது, ஐந்து பாகங்கள் கொண்டது. ஐந்தாம் பாகத்தின் முன்னுரையில், உணர்ச்சிகளின்மேல் நமக்கு முழு ஆதிக்கம் உண்டு என்ற கருத்தை வெளிப்படையாக மறுக்கிறார். நான்காம் பாகத்தில் இரண்டு முடிவுகளை முன்வைக்கிறார். ஓர் உணர்ச்சியை அதைவிட வலுவான எதிர் உணர்ச்சியால் மட்டுமே அடக்க முடியும். உண்மையை அறிவது, அது உண்மை என்ற ஒரே காரணத்தால், எந்த உணர்ச்சியையும் அடக்கிவிடாது, அந்த அறிதலே ஓர் உணர்ச்சியாக மாறினால்தான் அடக்கும். மூன்றாம் பாகத்தில் இன்னும் கூர்மையாக ஒன்று சொல்கிறார்: ஒன்று நல்லது என்று தீர்மானித்ததால் நாம் அதை விரும்புவதில்லை, விரும்புவதால்தான் அதை நல்லது என்கிறோம். இன்றைய உளவியல் சொல்வதாக நீங்கள் எழுதியது இதுதானே? நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ உணர்ச்சிகளைப் பற்றிய தன் ஆய்வின் நடுவே ஸ்பினோசாவைத் தேடிப்போய்த் தனியாக ஒரு புத்தகமே எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

அறிவு ஆணையிட்டு அடக்காது என்றால் வேறு எதற்குத்தான் பயன்படும்? ஸ்பினோசாவின் பதிலை உங்கள் நள்ளிரவுக் கோபத்தை வைத்தே சொல்கிறேன். வெறுப்பு என்பதற்கு அவர் தரும் இலக்கணம் மிகச் சுருக்கமானது: புறக்காரணம் ஒன்றைப் பற்றிய எண்ணத்தோடு சேர்ந்த துயரம். அதாவது வெறுப்புக்குள் இரண்டு உறுப்புகள். ஒன்று, வலி. இன்னொன்று, ‘இந்த வலிக்குக் காரணம் இன்னார்’ என்ற எண்ணம். வெறுத்தவருக்குத் தீங்கு செய்யத் தூண்டும் ஆசையைக் கோபம் என்கிறார். வலி உண்மையானது, அதை யாரும் வாதம் செய்து போக்க முடியாது. ஆனால் காரணத்தைப் பற்றிய எண்ணம் சரியாகவும் இருக்கலாம், அரைகுறையாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் அறிவுக்கு வேலை இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறார். ‘சுதந்திரமாகச் செய்தான்’ என்று நாம் நினைக்கும் ஒருவர்மேல் எழும் வெறுப்பு, காரணங்களால் உந்தப்பட்டுச் செய்ததாக நாம் நினைக்கும் ஒருவர்மேல் எழுவதைவிடப் பெரிதாக இருக்கும். ஒரே முகத்தின்மேல் விழுந்த வெறுப்பு, காரணம் பலவாகப் பிரியும்போது வீரியம் குறையும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று வயலில் இறங்கினார், நீங்கள் விடுதியில் தங்கிப் படித்தீர்கள். ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். ஸ்பினோசாவாக இருந்தால் அந்த வரியில் நின்றிருப்பார். அவர் படிப்பை நிறுத்த முடிவெடுத்தது யார்? அந்த முடிவுக்கு ஈடாக அவரிடம் ஏதாவது சொல்லப்பட்டதா? ‘படிப்பு அவனுக்கு, நிலம் உனக்கு’ என்று எந்த அப்பாவாவது ஒரு நாள் களத்துமேட்டில் சொல்லியிருக்கக்கூடும். சொல்லாமலே அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். உங்கள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொண்டால் அவர் செய்தது சரியாகிவிடாது. தங்கைக்கு அதில் எந்த நியாயமும் கிடையாது, நோயில் கிடந்தவரிடம் எழுதி வாங்கியது எழுதி வாங்கியதுதான். ஆனால் ‘பேராசை பிடித்த அண்ணன்’ என்ற ஒற்றை உருவத்தின்மேல் ராத்திரி முழுக்க மோதிக்கொண்டிருக்கும் உங்கள் மனதுக்கு முன்னால் வேறொரு ஆள் வந்து நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு, தம்பியின் விடுதிக் கட்டணத்துக்காக நெல் மூட்டை தூக்கிய ஒரு பையனும் அந்த ஆளுக்குள் இருப்பான். வலி இருக்கும். அதன் பிடி தளரும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படிக் காரணம் தேடிப் போனால் தொடரில் ஓரிடத்தில் நீங்களும் வருவீர்கள், அவர் இழந்ததால் படித்தவராக. அப்போது அண்ணன்மேல் இருந்த கோபத்தை உங்கள்மேல் திருப்பிக்கொள்ளாதீர்கள். குற்ற உணர்வில் வெந்துகொண்டிருப்பதை ஸ்பினோசா அறமாக ஏற்பதில்லை. தவறு செய்து, பிறகு அதற்காக நொந்தும் கிடப்பவர் இரண்டு மடங்கு பலவீனப்படுகிறார் என்கிறார். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் முழு உடன்பாடு கிடையாது. செய்ததை உணர்ந்து வருந்தாத ஒருவரை நான் நம்பமாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில், பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையனாக உங்களை யாரோ படிக்க அனுப்பியதற்கு நீங்கள் வருந்த எதுவும் இல்லை.

இனி வழக்கு. 1664 டிசம்பரில் டோர்ட்ரெக்ட் நகரத்துத் தானிய வியாபாரி ஒருவர் ஸ்பினோசாவுக்குக் கடிதம் எழுதினார். பெயர் வில்லெம் வான் பிளையன்பெர்க். தெகார்த்தின் தத்துவத்தை விளக்கி ஸ்பினோசா 1663இல் வெளியிட்ட நூலை அவர் படித்திருந்தார். ஸ்பினோசா உயிரோடிருந்தபோது அவர் பெயரோடு வந்த ஒரே நூல் அது. எல்லாவற்றுக்கும் கடவுளே காரணம் என்றால், ஆதாமின் பாவத்துக்கும் கடவுள்தானே காரணம் என்பது பிளையன்பெர்க்கின் முதல் கேள்வி. ஸ்பினோசா பொறுமையாகப் பதில் எழுதினார். ஆளுக்கு நான்கு கடிதங்கள் என்று 1665 ஜூன்வரை போனது. நடுவில் பிளையன்பெர்க் அவரை நேரில் பார்க்கவும் வந்தார். அந்தக் கடிதங்களில் பிளையன்பெர்க் கேட்கும் இன்னொரு கேள்விதான் உங்களுடையதற்கு மிக நெருக்கம். ஒருவனுடைய இயல்பே குற்றத்தில்தான் நிறைவு காண்கிறது என்றால், அவன் அதைச் செய்யக்கூடாது என்று சொல்ல உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? ஸ்பினோசா எழுதினார்: சாப்பாட்டு மேசையைவிடத் தூக்குமரத்தில் தான் நன்றாக வாழ முடியும் என்று ஒருவன் காண்பானேயானால், போய்த் தூக்கில் தொங்காமல் இருப்பதுதான் அவன் முட்டாள்தனம்.

கேட்டவுடன் முகத்தில் அடித்தாற்போல இருக்கும். அவர் சொல்லவந்தது, அப்படி ஒரு மனித இயல்பு இருக்க முடியாது என்பது. மனிதனுக்கு மனிதனைவிடப் பயனுள்ளது உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று நான்காம் பாகத்தில் எழுதியவர் அவர். வஞ்சகம் செய்பவன் எதிரியின் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், அதே கையால் தன்னைச் சுற்றியிருக்கும் மனிதர்களை இழக்கிறான். தண்டனை மேலுலகத்தில் காத்திருக்கவில்லை, அந்த வாழ்க்கைதான் தண்டனை. பிளையன்பெர்க்குக்கு இது போதவில்லை, பின்னாளில் ஸ்பினோசாவை மறுத்துப் புத்தகங்கள் எழுதினார். ஆனால் அந்த வியாபாரிக்கு நான் நன்றியுள்ளவன். பண்டிதர்கள் கேட்கத் தயங்கிய இடத்தை அவர் நேராகத் தொட்டார்.

இதே கேள்வியை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் வேறு விதமாகக் கேட்டார். எல்லாம் நியதிப்படி நடக்கிறது என்றால் யாரையும் தண்டிக்க முடியாதே? 1676 பிப்ரவரியில், அதாவது இறப்பதற்கு ஓராண்டு முன்னால், ஸ்பினோசா எழுதிய பதிலில் ஓர் உதாரணம் வருகிறது. நாய் கடித்து வெறி பிடித்த மனிதன்மேல் குற்றம் இல்லை, ஆனாலும் அவனை மூச்சடைத்துக் கொல்வது நியாயமாகவே கருதப்படுகிறது. அக்காலக் கொடூரத்திலிருந்து எடுத்த உதாரணம் இது, அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் பிரிவினையை நான் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறேன். ஒருவரைப் பழிப்பது வேறு, அவர் செய்யும் தீங்கைத் தடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய முதலாவது தேவையில்லை. அவருடைய நூலின் நான்காம் பாகத்தில், வெறுப்பாலோ கோபத்தாலோ அல்லாமல் பொதுநலத்தின்மேல் கொண்ட அன்பால் மட்டும் தீர்ப்பு எழுதும் நீதிபதியைப் பற்றிச் சொல்கிறார். அறிவின் வழியில் மட்டும் நடப்பவர் அந்த நீதிபதி.

ஆகவே பாகம் கேளுங்கள். வாய்தாவுக்குப் போங்கள், சாட்சி சொல்லுங்கள், தங்கைக்கு உரியது தங்கைக்குக் கிடைக்கும்வரை விடாதீர்கள். இவற்றில் எதற்கும் நடுராத்திரிச் சண்டை தேவையில்லை.

நாம் இன்று எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இந்தப் பிரிவினையைத்தான். இது ஏதோ ஞானிகளுக்கு மட்டும் வாய்க்கும் விஷயம் இல்லை. இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கும் துறை ஒன்று உண்டு. 1944இல் சிகாகோவில் உருவான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்து நடக்காமல் தடுப்பதுதான், பழியையோ பொறுப்பையோ யார் தலையிலாவது கட்டுவது அல்ல என்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கைத் தகடுகளை (ஃப்ளாப்களை) மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றில் விழும். ‘விமானியின் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையை நேரில் பார்த்தார். இரண்டு வேலைக்கும் உரிய விசைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சாக இருந்தன. சக்கர விசையின் முனையில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், தகட்டு விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது, அந்தத் தவறு நின்றுபோனது. இன்றும் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

சபானிஸ் ஸ்பினோசாவைப் படித்தாரா என்பது இங்கே முக்கியம் இல்லை. மனிதச் செயல்களையும் ஆசைகளையும் கோடுகள், தளங்கள், உருவங்கள் ஆகியவற்றை ஆராய்வதுபோல ஆராயப்போகிறேன் என்று மூன்றாம் பாகத்தின் முன்னுரையில் ஸ்பினோசா எழுதியபோது பலருக்கு அது ஈரமில்லாத பேச்சாகப் பட்டது. எனக்கு அதில் பெரிய கருணை தெரிகிறது. திட்டுவதை நிறுத்தியவன்தான் விசையின் முனையைப் பார்ப்பான். போதைக்கு அடிமையானவரை, பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்கும் பிள்ளையை, மருந்து மாற்றிக் கொடுத்துவிட்ட செவிலியரை நாம் இன்னும் பெரும்பாலும் திட்டித்தான் திருத்தப் பார்க்கிறோம். அதனால் எவ்வளவு உயிர் போகிறது என்று நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

ஸ்பினோசாவால் இதைத் தன் வாழ்க்கையில் கடைப்பிடிக்க முடிந்ததா? பெரும்பாலும் முடிந்தது. 1656 ஜூலையில், 23 வயதில், ஆம்ஸ்டர்டாமின் யூத சமூகம் அவரைக் கடுமையான சாபங்களோடு தள்ளிவைத்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது. அவர் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டு, வசை பாடாமல், தன் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் ஓர் இடத்தில் உடைந்தார். 1672இல் பிரான்ஸ் படையெடுத்து வந்தது. நாட்டின் தோல்விக்கு யாரையாவது பலிகொடுக்க வேண்டும் என்று வெறிகொண்ட கூட்டம், ஆகஸ்ட் 20 அன்று ஹாலந்தின் தலைமை நிர்வாகியாக இருந்த யோஹன் டி விட்டையும் அவர் சகோதரர் கொர்னேலிஸையும் ஹேக் நகரச் சிறைக்கு வெளியே அடித்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. ஸ்பினோசா அப்போது அதே ஊரில் குடியிருந்தார். ‘காட்டுமிராண்டிகளிலும் கடைப்பட்டவர்கள்’ என்று லத்தீனில் எழுதிய தட்டியைக் கொலை நடந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கக் கிளம்பினார். வீட்டுக்காரர் அவரை வெளியே விடாமல் கதவைப் பூட்டிவிட்டார். 1676இல் தன்னைப் பார்க்க வந்த லைப்னிட்ஸிடம் ஸ்பினோசாவே சொன்னது இது.

வெளியே போயிருந்தால் அவரையும் கொன்றிருப்பார்கள். இதை அவருடைய தத்துவத்தின் தோல்வி என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது அவர் சொன்னதற்குச் சாட்சியாகவே படுகிறது. ஓர் உணர்ச்சியைப் பற்றிய உண்மையை எழுதியவர் என்பதால் அந்த உணர்ச்சி அவரிடம் அடங்கிவிடவில்லை, அடங்காது என்று அவரே எழுதியும் இருக்கிறார். அன்று அவரைக் காப்பாற்றியது பக்கத்தில் இருந்த ஒரு மனிதர், அவருடைய அக்கறை, ஒரு பூட்டு. மனிதனுக்கு மனிதனைவிடப் பயனுள்ளது இல்லை என்ற வாக்கியம் இந்த அளவுக்கு நேரடியானது. எலிசபெத்தின் கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது: உங்கள் அறிவு கைகொடுக்காத நாளில் இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். உங்கள் மனைவி ‘விட்டுத் தொலையுங்கள்’ என்று சொல்வதை நான் வழக்கை விடும்படி சொல்வதாகக் கேட்கவில்லை. நீங்கள் தூங்கவேண்டும் என்று சொல்கிறார்.

அந்தக் கொலைகளுக்குப் பிறகும் ஸ்பினோசா அரசியலை விட்டு ஒதுங்கவில்லை. கடைசி ஆண்டுகளில் அரசைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார், 1677 பிப்ரவரியில் 44 வயதில் இறந்ததால் அது முடியாமல் நின்றது. அதன் தொடக்கத்தில்தான், மனிதச் செயல்களைப் பார்த்துச் சிரிக்காமல், அழாமல், வெறுக்காமல், புரிந்துகொள்ள முயன்றேன் என்ற வாக்கியம் வருகிறது. டி விட் சகோதரர்களின் கொலையைத் தாண்டி வந்தவர் எழுதிய வாக்கியம் என்பது தெரிந்தால் அதன் கனம் தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதே முடிவடையாத நூல், ஆட்சியில் பெண்களுக்கு இடமில்லை என்று வாதிடும் பக்கத்தில்தான் நின்றுபோகிறது. விலங்குகளுக்கு உணர்ச்சி உண்டு என்று ஒப்புக்கொண்டே, அவற்றை நம் இஷ்டப்படி பயன்படுத்தலாம் என்கிறார். தெகார்த் விலங்குகளை இயந்திரங்களாகப் பார்த்தார். லைப்னிட்ஸ், இருக்கக்கூடிய உலகங்களிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று 1710இல் வாதிட்டார். 1755இல் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தரைமட்டமாக்கிய பிறகு அதைக் கேட்பதற்கு ஆள் குறைந்தது. ஆனால் அதே லைப்னிட்ஸ், அரசியலிலும் அறத்திலும் சரியான பார்வைக் கோணம் என்பது மற்றவர் நிற்கும் இடம்தான் என்று எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்புக்காரரின் இடத்தில் நின்று பார்ப்பது, அவர் என்ன செய்யப்போகிறார் என்று அறியவும் பயன்படும், நாம் அவருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அறியவும் பயன்படும். வழக்கு நடத்துகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

ஸ்பினோசாவின் வடிவகணித நிரூபணங்கள் எல்லாம் நிற்கின்றனவா என்று கேட்டால், முதல் பாகத்தில் பல இடங்களில் எனக்கு ஐயம் உண்டு. மூன்றாம், நான்காம் பாகங்களில் அவர் உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்வது அந்த நிரூபணங்கள் இல்லாமலும் நிற்கும் என்பது என் முடிவு. ஆகவே நீங்கள் முதல் பாகத்திலிருந்து தொடங்காதீர்கள், அதில் சிக்கிப் புத்தகத்தை மூடிவைத்தவர்களே அதிகம். ஆங்கிலத்தில் ‘எதிக்ஸ்’ நூலுக்கு எட்வின் கர்லியின் மொழிபெயர்ப்பு நம்பகமானது. மூன்றாம் பாகத்தின் முன்னுரை, அதன் இறுதியில் வரும் உணர்ச்சிகளின் பட்டியல், நான்காம் பாகத்தின் பின்னிணைப்பு, பிறகு பிளையன்பெர்க் கடிதங்கள், இந்த வரிசையில் படியுங்கள்.

இன்னொன்று, இது தத்துவம் இல்லை. நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்குகளை நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்க வழி இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் கேட்டுப்பாருங்கள். அங்கே தீர்வு வராவிட்டால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கே திரும்பும், உங்கள் உரிமை எதுவும் போய்விடாது. கூண்டில் ஏறி நிற்கும் அண்ணனிடம் கேட்க முடியாததை, ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் கேட்கலாம். பத்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், எட்டாம் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் தங்கையும் கூட இருந்து கேட்கட்டும்.

அன்புடன்.